பத்து நாளும் ஐந்து மாதமும்

ஆய்வகம், மூன்றாம் மாடி
ஜனவரி 8

வணக்கம்.

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பட்டறைத் தொலைபேசிக்கு இரண்டு முறை கூப்பிட்டேன். இரண்டு முறையும் நீங்கள் எடுப்பதற்குள் நானே வைத்துவிட்டேன். பேச ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியுமோ தெரியாது. கடிதமென்றால் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

கேட்க வந்தது இதுதான். பதினான்கு வருடத்துக்கு முன் நீங்கள் எனக்குச் செய்துகொடுத்தீர்களே, செல்களை அழுத்தும் இயந்திரம், அது நின்றுவிட்டது. போன மாதம் வரை ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. மோட்டாரை மாற்றிப் பார்த்தோம். சுற்றுகிறது, ஆனால் தட்டு இறங்கும்போது ஒரு பக்கமாக இழுக்கிறது. தட்டை இறக்கி ஏற்றும் அந்த முட்டை வடிவச் சக்கரம் தேய்ந்துவிட்டது என்கிறார் இங்கே கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். வரைபடம் இருந்தால் புதிதாக ஒன்று கடைந்துவிடலாமாம். என்னிடம் வரைபடம் இல்லை. கிளம்பி வந்த அன்று எனக்கு வேண்டியதை எல்லாம் எடுத்துக்கொண்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

புதிய இயந்திரம் ஒன்றும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். திரையும் பொத்தானுமாகப் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் பழையதில் வந்த முடிவு அதில் வரமாட்டேன் என்கிறது. அதனால்தான் உங்களைத் தொந்தரவு செய்கிறேன்.

வரைபடம் கிடைத்தால் ஒரு நகல் போதும். பதினொரு வருடம் கழித்து எழுதும் முதல் கடிதம் ஒரு சக்கரத்துக்காக என்பது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. வேறு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

இப்படிக்கு,
நான்தான்


பட்டறை
ஜனவரி 19

டாக்டரம்மாவுக்கு,

உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 'ழ'வுக்கு நீ போடும் வால் அடுத்த வரியைப் போய் முட்டும். உலகத்தில் வேறு யாரும் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை. பிரிக்காமல் ஒரு நாள் முழுக்க லேத்தின் மேலேயே வைத்திருந்தேன். இப்போது உன் கடிதத்தில் எண்ணெய்க் கறை. மன்னிக்கவும்.

நான் நலம். இடது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. முன்னந்தலையில் முடி போய்விட்டது. அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், நானே பட்டு முடித்துவிட்டேன்.

வரைபடம் என்று ஒன்று இருந்ததா? நன்றாக யோசித்துப் பார். சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, டிக்கெட் கட்டின் பின்னால் இருக்குமே தடித்த அட்டை, அதில்தான் வரைந்தோம். கட்டு யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் தங்கை என்ற பெயரில் நம் வீட்டில் குடியிருந்து, நாள் முழுக்க பஸ்ஸில் விசில் ஊதிவிட்டு வந்து, மிச்ச விசிலை நம் காதில் ஊதிய அந்த வாலுவுடையது. கண்டக்டர் சட்டையைக்கூட மாற்றாமல் நம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, துணி தேய்க்கிற மெஷினா?"

"இல்லடி, செல்லை மெதுவா அமுக்கற மெஷின்."

"அமுக்கறதுக்கு மெஷின் எதுக்கு? அண்ணனை ஒரு தடவை உட்காரச் சொல்லுங்க, போதும்."

நீ சிரித்த சிரிப்பில் பென்சில் கோடு கோணலாகப் போனது. அந்தக் கோணலையும் சேர்த்துத்தான் நான் கடைந்தேன் என்று அப்புறம் ஒரு வாரம் என்னைக் கிண்டல் செய்தீர்கள், இரண்டு பேரும் ஒரே கட்சி.

அட்டை எங்கே போனதோ தெரியவில்லை. மச்சுப் பெட்டி இரண்டையும் கொட்டிப் பார்த்துவிட்டேன். ஒன்று செய். சக்கரத்தையே கழற்றி அனுப்பு. துணியில் சுற்று, தாளில் சுற்றாதே, பித்தளை கறுத்துவிடும். அளந்து பார்த்துப் புதிதாகச் செய்து தருகிறேன்.

கூடவே ஒன்று எழுது. அந்த இயந்திரத்தை வைத்து இத்தனை வருடம் என்னதான் செய்தாய்? லேத்காரனுக்குப் புரிகிற மாதிரி எழுது. அப்போதெல்லாம் நீ சொல்வாய், நான் தலையாட்டுவேன். பாதிதான் புரியும்.

பட்டறைக்காரன்


ஆய்வகம்
பிப்ரவரி 2

பட்டறைக்காரருக்கு,

சக்கரத்தைத் தனிப் பார்சலில், பழைய பருத்தித் துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். தலையாட்டினீர்களே, பாதி புரியாமலா? நீங்கள் ஒருவராவது முழுதாகக் கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு நான் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்!

சரி, இப்போது முழுதாகச் சொல்கிறேன்.

மார்பில் கட்டி வந்தால் எல்லோரும் கட்டியைத்தான் பார்ப்பார்கள். நான் அதன் அக்கம்பக்கத்தைப் பார்க்கிறேன். சுற்றி இருப்பதில் பெரும்பாலும் கொழுப்புச் செல்கள். ஒவ்வொன்றும் உள்ளே ஒரே ஒரு பெரிய எண்ணெய்த் துளியை வைத்துக்கொண்டு உப்பலாக உட்கார்ந்திருக்கும். யாருக்கும் எந்தத் தொந்தரவும் செய்யாது. கட்டி வளர வளர, இந்தச் செல்கள் நெருக்கப்படுகின்றன. நெருக்கினால் என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி.

மென்மையான ஜெல்லில் இந்தச் செல்களை வளர்த்து, உங்கள் தட்டினால் அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்திப் பார்த்தேன். சில நாளில் அவை சுருங்கின. எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டன. பக்கத்தில் நான் வைத்த புற்றுச் செல்கள் அதை வாங்கித் தின்று கொழுத்தன. அதோடு நிற்கவில்லை. சுருங்கிய செல்கள் சர்க்கரையை எரிக்கிற விதமே மாறிப்போனது. கொழுப்பைச் சேர்த்து வைக்கிற பழைய வேலையை விட்டுவிட்டு, நாரை இழைக்க ஆரம்பித்தன. நார் சேர்ந்தால் அந்த இடம் இறுகும். இறுகினால் நெருக்கம் இன்னும் கூடும்.

இதை முதன்முதலில் வீட்டில் சொன்னபோது வாலு சொன்னது உங்களுக்கு நினைவிருக்கிறதா?

"இதுக்கா அண்ணி ஆராய்ச்சி? காலைல ஒன்பது மணி பஸ்ல வந்து பாருங்க. ஏறும்போது எல்லாரும் தங்கமானவங்க. நாலு ஸ்டாப் தாண்டறதுக்குள்ள ஒருத்தர் டிபன் டப்பா இன்னொருத்தர் சட்டையில கொட்டியிருக்கும். நெரிச்சா உள்ள இருக்கறது வெளிய வந்துதானே ஆகணும்?"

என் முதல் கட்டுரையின் முன்னுரையில் ஒரு கண்டக்டரின் கருத்து என்று அதை எழுதினேன். பேராசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வரைந்திருந்தார்.

இப்போது சிக்கல். அழுத்தினால் செல்கள் மாறிவிடுகின்றன, திரும்பி வருவதில்லை என்று நான் எழுதினேன். புதிய இயந்திரத்தில் அதே வேகம், அதே அழுத்தம் வைத்தால், விட்ட கொஞ்ச நேரத்தில் செல்கள் பழையபடி உப்பிக்கொள்கின்றன. வேறொரு ஆய்வகத்தாரும் உங்கள் முடிவு எங்களுக்கு வரவில்லையே என்று மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். மரியாதையாக எழுதினால்தான் எனக்கு அதிகம் பயம். பதினான்கு வருட வேலை. தப்பென்றால் தப்பு என்று நானே எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் காரணம் தெரிய வேண்டும்.

முழங்காலுக்கு யாரிடமாவது காட்டினீர்களா? காட்டியிருக்க மாட்டீர்கள்.

மூன்றாம் மாடியிலிருந்து,
நான்


பட்டறை
பிப்ரவரி 20

டாக்டரம்மாவுக்கு,

சக்கரம் வந்தது. எட்டு நாளாக அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். காரணம் கிடைத்துவிட்டது. அது நான்தான்.

சக்கரத்தின் மேடான பக்கம் தட்டை அழுத்த வேண்டும். தாழ்ந்த பக்கம் வரும்போது ஸ்பிரிங் தட்டை முழுதாக மேலே தூக்கிவிட வேண்டும். நாம் பேசிக்கொண்டது அதுதான். தேய்மானம் மேடான பக்கத்தில்தான் இருக்கிறது. தாழ்ந்த பக்கத்தை டயல் கேஜில் வைத்து அளந்து பார்த்தேன். இருக்க வேண்டியதை விட உயரமாக இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தால் பித்தளைக்கு மேல் வேறு நிறம். பற்றாசு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. உனக்கு இயந்திரத்தைக் கொடுக்கிற அன்று காலை, தட்டு மேலே போய் இடித்து டக் டக் என்று சத்தம். "இந்த அதிர்ச்சியில செல்லெல்லாம் செத்துப் போயிடுமே" என்று நீ அழாத குறை. நீ குளிக்கப் போன நேரத்தில் தாழ்ந்த பக்கத்தில் ஈயப் பற்றாசை உருக்கி வைத்து மேடாக்கி அரத்தால் ராவிவிட்டேன். சத்தம் நின்றது. நீ சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனாய். வரைந்த அட்டையில் அதை ஏற்றவில்லை. உன்னிடம் சொன்னதாகவும் நினைவில்லை.

ஆகவே உன் தட்டு ஒரு நாளும் முழுதாக மேலே எழுந்ததில்லை. தலைமுடி இரண்டின் கனத்துக்கு எப்போதும் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அழுத்தி விட்டேன், அழுத்தி விட்டேன் என்று நீ எழுதியிருப்பாய். அது விடவே இல்லை. புதிய இயந்திரம் விடுகிறது. வித்தியாசம் அதுதான்.

உன் பதினான்கு வருடத்தை இரண்டு முடியில் கெடுத்துவிட்டேனோ என்று மறுபடி மறுபடி அளந்து பார்த்தேன். கட்டுரையில் எழுத வேண்டி வந்தால், இயந்திரம் செய்தவனின் தவறு என்று எழுது. பட்டறையின் பெயரையும் போடு. எனக்கு ஒன்றும் இல்லை.

இரண்டு சக்கரம் செய்கிறேன். ஒன்று முழுதாக விடுகிற மாதிரி. இன்னொன்று பழையபடி, அதே இரண்டு முடி மேட்டோடு. மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் உனக்கே தெரிந்துவிடும். ஒரு மாதம் கொடு. கண் முன்னைப் போல இல்லை.

பட்டறைக்காரன்


ஆய்வகம்
மார்ச் 6

அன்புள்ள பட்டறைக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்தேன். அப்புறம் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. கெடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், இனிமேல்தான் சோதிக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். உடம்புக்குள் வளரும் கட்டி, அக்கம்பக்கத்துக்கு மூச்சு விட இடம் கொடுத்துவிட்டு மறுபடி வந்து அழுத்துமா? அது வந்தால் வந்ததுதான். அங்கே விடுதல் என்பதே கிடையாது. அப்படியென்றால் என் செல்களை மாற்றியது பெரிய அழுத்தம் இல்லையோ என்னவோ. விடாமல் ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்சம்தானோ என்னவோ. பதினான்கு வருடமாக நான் கேட்க மறந்த கேள்வியை உங்கள் பற்றாசு கேட்டிருக்கிறது. இரண்டு சக்கரமும் வரட்டும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதைச் சொல்லத்தான் அன்று தொலைபேசியில் கூப்பிட்டேனோ என்றுகூடச் சந்தேகமாக இருக்கிறது.

தன் தவறை இவ்வளவு நேராக எழுதுகிறவர் எத்தனை பேர் இருப்பார்கள்? சும்மா தேய்மானம் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். நீங்கள் அப்படி இல்லை. உங்களுக்கு மறைக்கத் தெரியாது. அதனால்தான் அன்றைக்கு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உங்கள் முகத்தில் இருந்ததும் எனக்கு அப்படியே தெரிந்தது.

வாலு என்னிடம் சொன்னது ஒரு வியாழக்கிழமை. நான் பாத்திரம் கழுவிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அண்ணி, இங்க கட்டி மாதிரி ஒண்ணு. தொட்டுப் பாருங்களேன்" என்று என் கையைப் பிடித்து வைத்தாள். தொட்டேன். ஆய்வகத்தில் உங்கள் தட்டின் கீழே என் செல்களின் சோதனை ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் நிறுத்த முடியாது. "பத்து நாள் பொறு வாலு. இந்த ஓட்டம் முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். "அதுக்கென்ன அண்ணி, நீங்க முடிங்க" என்றாள். மார்பகக் கட்டியைப் படிக்கிறவள், என் வீட்டுக் கட்டியைப் பத்து நாள் காக்க வைத்தேன்.

பத்து நாள் முடிந்ததும் கூட்டிப்போனேன், வைத்தியமும் நடந்தது. பத்து மாதம் கழித்து, அந்தத் தாழ்வாரத்தில் டாக்டர் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா..." நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. அவள் போன பிறகு ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நீங்கள் சோறு போட்டுக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்கும். என்னால் முடியவில்லை. கிளம்பிவிட்டேன்.

பத்து நாளில் பெரிதாக எதுவும் மாறியிருக்காது என்று எந்த மருத்துவரும் சொல்வார். நானே எத்தனையோ பேருக்குச் சொல்லித் தேற்றியிருக்கிறேன். எனக்கு மட்டும் சொல்லிக்கொள்ள வரவில்லை.

என்னைப் பார்த்த அந்தப் பார்வையில் தப்பில்லை. அதைச் சொல்லத்தான் எழுதினேன். உங்கள் தங்கை, உங்களுக்கு உரிமை உண்டு.

அன்புடன்,
டாக்டரம்மா


பட்டறை
மார்ச் 29

அம்மா,

என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல் இப்படித் தொடங்குகிறேன். மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். இது நான்காவது. இதையும் கிழித்தால் அப்புறம் எழுதவே மாட்டேன்.

எனக்கு மறைக்கத் தெரியாது என்று எழுதியிருந்தாய். தெரியும். பதினொரு வருடமாக நன்றாகவே செய்திருக்கிறேன்.

வாலு உன்னிடம் சொன்ன வியாழக்கிழமைக்கு ஐந்து மாதம் முன்னால் ஒரு மத்தியானம் பட்டறைக்கு வந்தாள். இரண்டு டிரிப்புக்கு நடுவில், பையும் விசிலுமாக. சாணைக் கல்லுக்கு எதிரே இருக்கும் முக்காலியில் உட்கார்ந்தாள். மெஷினை நிறுத்தச் சொன்னாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன். கத்தக் கூடாது."

கட்டி இருக்கிறது என்றாள். டிப்போ பக்கத்து டாக்டரிடம் காட்டினாளாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். நான் எழுந்துவிட்டேன். "வா போலாம்" என்றேன். கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

எட்டு வருடம் தற்காலிகக் கண்டக்டராக ஓடியவள். அந்த வருடம்தான் நிரந்தரம் ஆகும் பட்டியலில் அவள் பெயர் வந்திருந்தது. உடம்பில் ஒன்றும் இல்லை என்று மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும்.

"இப்போ போய் ஆஸ்பத்திரியில படுத்தேன்னா பட்டியல்ல பேரை அடிச்சிடுவாங்க. ஆர்டர் கைக்கு வரட்டும். அடுத்த நாளே போயிடலாம்."

"அண்ணிகிட்டயாவது சொல்லேன்."

"ஐயோ வேண்டாம். அண்ணி கையில பட்டா அடுத்த நிமிஷம் என்னை இழுத்துட்டுப் போயிடுவாங்க. நீயும் சொல்லக் கூடாது. என் மேல சத்தியம்."

நான் சரி என்றேன். அவ்வளவுதான். நான் இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். உன்னிடம் சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. சின்ன முடிச்சுதானே, நிறைய பேருக்கு வருகிறதுதானே என்று நானே எனக்கு டாக்டராகிக்கொண்டேன். மாதம் ஒரு தடவை கேட்பேன். "அப்படியேதான் இருக்கு, உன் தொப்பை மாதிரி" என்பாள். சிரித்துவிடுவேன்.

ஆர்டர் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தாளே, அன்று. இரண்டு நாள் கழித்து உன்னிடம் சொன்னாள். உன் பத்து நாள் அதற்குப் பிறகு வந்தது.

இனிமேல் எழுதப்போவதுதான் கஷ்டம்.

அன்று தாழ்வாரத்தில் டாக்டர் அப்படிச் சொன்னதும் நான் திரும்பி உன்னைப் பார்த்தது உன்னைக் குற்றம் சொல்ல இல்லை. உனக்குத் தெரிந்துவிட்டதா என்று பார்க்க. வலி தாங்காமல் வாலு உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாளோ என்று பயந்து பார்த்தேன். உன் முகம் வெளிறியிருந்தது. "பத்து நாள்" என்று முணுமுணுத்தாய். உனக்குத் தெரியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு மூச்சு வந்தது. பக்கத்தில் நீ நின்றுகொண்டு உன்னையே தின்றுகொண்டிருக்கிறாய், எனக்கு மூச்சு வந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். சாப்பிடும்போது பேசாமல் இருந்தது கோபத்தால் இல்லை. வாயைத் திறந்தால் அதுதான் வரும் என்று. நீ பெட்டி கட்டிய அன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தவன் நான்தான்.

சக்கரத்தின் தவறை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அதைப் படித்துவிட்டு நீ என்னைப் புகழ்ந்து எழுதியிருந்தாய். இதற்கு மேல் தாங்கவில்லை.

பத்து நாளை விட்டுவிடு. அது உன்னுடையதே இல்லை.

உன் பட்டறைக்காரன் என்று போட எனக்குத் தகுதி இல்லை. அதனால் ஒன்றும் போடவில்லை.


பட்டறை
ஏப்ரல் 30

டாக்டரம்மாவுக்கு,

பார்சலில் இரண்டு சக்கரமும் இருக்கின்றன. பச்சை நூல் கட்டியது முழுதாக விடும். கறுப்பு நூல் கட்டியது பழையபடி. இரண்டையும் பத்து முறை அளந்திருக்கிறேன், அளவு எழுதிய தாள் உள்ளே இருக்கிறது. இந்தத் தடவை எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன்.

மாட்டும்போது திருகை ஒரேயடியாக இறுக்க வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல். எதிரெதிர்த் திருகாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

பதில் எதிர்பார்க்கவில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய்யாகிவிடும். தினமும் பதினொரு மணிக்குத் தபால்காரர் வருகிறார். அப்போது மெஷினை நிறுத்திவிடுகிறேன்.

பட்டறைக்காரன்


ஆய்வகம், மூன்றாம் மாடி
ஜூன் 14

பட்டறைக்காரருக்கு,

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை ஆய்வகத்தில் கை கழுவும் தொட்டி அருகே நின்றுகொண்டு படித்தேன். படித்து முடித்து, அங்கே கிடந்த கண்ணாடித் தட்டுகளை எல்லாம் கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன். அன்றிலிருந்து இதுவரை உங்களுக்கு ஏழு கடிதம் எழுதியிருக்கிறேன். ஒன்றையும் அனுப்பவில்லை. அவற்றில் இருப்பதை நீங்கள் படிக்காமல் இருப்பதே நல்லது.

வாலுவுக்குக் கொடுத்த வாக்கைப் பற்றி: அவள் அப்படிக் கேட்டால் மறுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தால் மறுத்திருப்பேன் என்று முதலில் எழுதினேன், பிறகு அடித்தேன். தெரியவில்லை. எட்டு வருடம் அவள் காத்திருந்த ஆர்டர் அது. அவளைக் கோபிக்க முயன்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. இனிப்பை என் வாயில் அவளே ஊட்டினாள்.

அந்தப் பார்வைக்கு வருகிறேன். நீங்கள் என்னைக் குற்றம் சொல்லிப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உங்களுக்கு மூச்சு வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. பதினொரு வருடம் நான் பத்து நாளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நீங்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு என்னை எண்ண விட்டீர்கள். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கடிதம் அழகாக முடியும். அது இப்போதைக்கு என்னிடம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சக்கரங்களை மாட்டினோம். முதல் ஓட்டம் முடிந்தது. பச்சை நூலில் செல்கள் சுருங்கின, விட்டதும் பழையபடி உப்பின, சர்க்கரை எரிப்பதும் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. கறுப்பு நூலில் திரும்பி வரவில்லை. எண்ணெயை இழந்து நூலாக மெலிந்துபோயின. பக்கத்துப் புற்றுச் செல்களுக்குள் போய்ப் பார்த்தால் அந்த எண்ணெய் அத்தனையும் அங்கே இருக்கிறது. ஒரு ஓட்டத்தை வைத்து எதுவும் சொல்லக் கூடாது. இன்னும் மூன்று முறையாவது ஓட்ட வேண்டும். ஆனாலும் அன்று மத்தியானம் நுண்நோக்கியை விட்டுக் கண்ணை எடுத்ததும், யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். எந்த இரண்டு பேரைத் தேடித் திரும்பினேன் என்று உங்களுக்குத் தெரியும்.

தட்டு இன்னும் லேசாகச் சாய்கிறது. மெக்கானிக் மூன்று முறை முயன்றுவிட்டார். கடிதம் எழுதி அதைச் சரிசெய்ய முடியாது. ஜூலை இரண்டாம் தேதி காலை வண்டியில் வாருங்கள். நிலையத்துக்கு நான் வரமாட்டேன். கீழே வாசலில் காவலரிடம் மூன்றாம் மாடி என்று சொன்னால் விடுவார். தங்க வேண்டாம், மாலை வண்டிக்குத் திரும்பிவிடலாம். இங்கே மின்தூக்கி உண்டு, முழங்காலுக்குப் பயம் வேண்டாம்.

தட்டைச் சமன் செய்து ஓட விட்டால் முதல் நான்கு மணி நேரம் அறையில் யாரும் நடமாடக் கூடாது. தரை அதிர்ந்தால் அளவு கெட்டுவிடும். இரண்டு நாற்காலி போட்டு உட்கார வேண்டியதுதான். பேசலாம், பேச்சு இயந்திரத்தை ஒன்றும் செய்யாது.

அப்போது எனக்கு ஒன்று வேண்டும். அந்த ஐந்து மாதம் நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். ஆனால் நான் பார்த்தது ஒன்றும் இல்லாதது போல என் முன்னால் சிரித்துக்கொண்டிருந்த வாலுவை. தெரிந்துகொண்டே காத்திருந்த வாலுவை எனக்குத் தெரியாது. அவள் பட்டறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்து உங்களிடம் மட்டும்தான் பேசியிருக்கிறாள். பயந்தாளா? எப்போதாவது அழுதாளா? என்னைப் பற்றி என்ன சொன்னாள்? கிண்டல் செய்திருந்தால் அதையும் சொல்லுங்கள். நீங்கள் மறைத்ததில் உங்கள் தவறு மட்டும் இல்லை, அவளும் ஐந்து மாதம் உள்ளே இருக்கிறாள். அவளை எனக்குக் கொடுங்கள்.

அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியாது. நீங்களும் கேட்க வேண்டாம். வந்து உட்காருங்கள், முதல் மத்தியானத்திலிருந்து சொல்லுங்கள்.

வாலுவின் அண்ணி